பத்தொன்பது மணி நேரத் தூரம்

“பத்தொன்பது மணி நேரம் மாமா. நடுவுல ரெண்டு இடத்துல இறங்கி வேற விமானம் மாறணும். அவருக்கு ரெண்டு மூணு நாள் லீவு கிடைச்சாலும் போக வரவே சரியாப் போயிடும்.”

மருமகள் கூசாமல் சொன்னாள்.

“அடேயப்பா, உட்கார்ந்தே இடுப்பு கழண்டுடுமே. பாவம், அவன்தான் எப்படி வருவான்?” என்றார் மாமனார்.

வாசலில் நின்ற மாடிவீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு வேலை விமான டிக்கெட் அலுவலகத்தில். பெரியவரின் மகன் இருக்கும் ஊருக்கு இங்கிருந்து தினமும் நேர் விமானம் உண்டு. இரண்டுமே ஆசியாவுக்குள் இருக்கிற ஊர்கள். நாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். இந்தப் பெண்ணுக்கா அது தெரியாது?

தன் பேருக்கு வந்து கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்த பார்சலை வாங்கிக்கொண்டு மாடியேறினார். ஆனால் மனசு ஆறவில்லை.

பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே பிள்ளை. வெளிநாட்டு வேலைக்குப் போய் நாலு வருஷமாகிறது, ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது அடிக்காது. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் இப்படி அளக்கிறாளே! அப்பாவையும் பிள்ளையையும் சேரவிடாமல் வைத்திருப்பதே இவள்தானோ?

மறுநாள் அவள் பல் டாக்டர் கிளினிக்குக்கு வேலைக்குக் கிளம்பியதும் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மருமகள் சொன்னது அத்தனையும் பொய், காலையில் ஏறினால் மத்தியானம் அங்கே இருக்கலாம், பெரியவர் போவதானாலும் சரி, மகன் வருவதானாலும் சரி, தானே கூட இருந்து டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

பெரியவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும் தம்பி. எதிர்வீட்டுப் பொண்ணுக்கும் அந்த ஊர்லதான் வேலை. போன மாசம் காலையில அங்க சாப்பிட்டுக் கிளம்பி, மத்தியானம் இங்க வந்து குளிச்சுது.”

“தெரிஞ்சுமா பேசாம இருக்கீங்க?”

“என் பிள்ளைக்கு வர மனசில்லை. அது தெரிஞ்சா இந்தக் கிழவன் இடிஞ்சு போயிடுவான்னு, பாவம், தூரத்து மேல பழியைப் போடுறா.”

மாடிவீட்டுக்காரர் நேற்றிலிருந்து அந்தப் பெண்ணைப் பற்றி மனசுக்குள் என்னவெல்லாம் பேசியிருந்தார்! தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“அப்ப, ‘எனக்கும் தெரியும்மா’ன்னு நீங்க சொல்லிடலாமே ஐயா? தினம் பொய் சொல்ற கஷ்டமாவது அவங்களுக்கு மிச்சமாகும்.”

பெரியவர் மருமகளின் வெள்ளைக் கோட்டைக் கையில் எடுத்து, சுருக்கம் போக நீவினார்.

“எனக்குச் சொல்லும்போதுதான் தம்பி, அவளும் அதைக் கொஞ்சம் நம்புறா.”