லாபம் சுரக்கும் இடம்

அந்தத் திருப்பூர் பனியன் மில்லில் ஆட்களை அனுப்பிவிட்டு ஆயிரம் இயந்திரங்களை இறக்கினார்கள். இயந்திரம் கூடக்கூட லாபம் சரிந்தது. மனிதக் கை படுகிற இடத்தில்தான் லாபம் சுரக்கிறது என்று முதலாளிகள் கண்டுகொண்டபோது, மிஞ்சியிருந்தது கனிகா ஒருத்திதான். கூப்பிட்டும் மற்றவர்கள் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ராஜ மரியாதை. வாசலுக்கு மட்டும் எப்போதும் பூட்டு.

அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

"வளைகாப்பு முடிஞ்சதும் அம்மா வூட்டுக்குப் போயிட்டு வந்துர்றனுங்க," என்றாள்.

மேனேஜர் சென்னியப்பன் கைகூப்பினார். "எதுக்கம்மிணி அலையறீங்க? உங்கம்மாவையே இங்க கூட்டியாந்துட்டமுங்க. எல்லாம் இங்கயே வெச்சுக்கலாம்."

இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அம்மா வளையல் அடுக்கினாள். திடீரென்று அவள் கை நின்றுவிட்டது.

"கண்ணு, அங்க பாரு."

கனிகா திரும்பினாள். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்ட மாட்டார்கள். ஆனால் அவள் தைக்கும் மேசைக்குப் பக்கத்தில் தொட்டில் தொங்கியது. அதையொட்டி, மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு புதுத் தையல் மெஷின்.