வெளிவட்டத்தில் ஏழு பிழைகள்

"கையெழுத்து உங்களோடதுதானே?"

எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவளுடையதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருந்தது. 'படித்தேன், புரிந்தது.' கீழே தேதி.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறை அது.

நோட்டு தணிகாசலத்துடையது. குறுந்தகடு அச்சிடும் ஆலையில் அவளுக்கு மூத்தவர். தகட்டின் வெளிவட்டத்தில் வேண்டுமென்றே ஏழு பிழைகளை வைப்பது அவர் முறை. நகலெடுக்கும் கருவி பிழைகளைத் தானே திருத்திவிடும். பிழை இல்லாத தகடு ஓடாது.

அவர் போய்ச் செய்துகாட்டிய பெரிய நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டது.

அதை மறுக்க அவரிடம் இருந்தவை இந்த நோட்டும், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அவளும்தான்.

அவருடைய வக்கீல் காலையிலேயே அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். கண்டுபிடிப்பில் பங்கு உள்ளவர் அதற்குச் சாட்சி ஆக முடியாது. சாட்சி போனால் நோட்டும் போயிற்று.

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

"எட்டு மாசம் பக்கத்து மேஜை. ஒரு யோசனைகூடவா சொல்லலை, மேடம்?"

பின்னால் யாரோ சேர்ந்து சிரித்தார்கள்.

ஒன்று சொல்லியிருந்தாள்.

கேன்டீனில். எதைச் செய்தாலும் நகல் எடுத்துவிடுகிறார்கள் என்று தணிகாசலம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தப்பும் இல்லாம வந்தா, அதுதான் நகல்னு வெச்சுக்கலாமேண்ணா."

சொல்லிவிட்டு வடையைப் பிட்டாள்.

அது யோசனையா? வாய்க்கு வந்த ஒரு வாக்கியம். எட்டு மாதம் கண் எரிய உழைத்தவர் அவர். பலமுறை இதை எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

"இல்லை சார். படிச்சேன். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான்."

தட்டச்சு செய்பவர் அதை அப்படியே அடித்தார்.

வெளியே, மாடிப்படியில், தணிகாசலத்தின் முதுகில் அவருடைய வக்கீல் ஓங்கித் தட்டினார்.

"நோட்டு ஆதாரமா நின்னுடுச்சுய்யா! ஆமா, இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"அதுவா சார்?" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஒருநாள் கேன்டீன்ல நானும் இந்தப் பொண்ணும் உட்கார்ந்து…"

நின்றுவிட்டார்.

மெல்லத் திரும்பினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணா" என்றாள் அவள். அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.