பெற்றவர் மாட்டிய பெல்ட்

ஜீப்பின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தவர் அவளைப் பெற்ற அப்பா. பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவளை வளர்த்தவர்.

பட்டறை வளர்த்தவருடையது. சுற்றுவட்டாரத்து டீசல் வண்டிகளில் பாதி அவர் கையை நம்பித்தான் ஓடின.

அவள் மலை மேல் மாட்டு டாக்டர். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் அந்தப் பாதையில் ஏற முடியாது. காலையில் அந்த ஜீப் கழுத்தறுபட்ட கோழியாகக் கத்த ஆரம்பித்ததும், வீட்டுக்குக் கீழேயே இருக்கும் பட்டறையில் ஒரு வார்த்தை சொல்லாமல், பெற்றவருக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"அப்பா, ஃபேன் பெல்ட் கத்துதுப்பா. நீ வந்து மாத்திக் குடு."

பெற்றவரை 'நீ' என்பாள். வளர்த்த மெக்கானிக்குக்கு என்றும் 'நீங்க'தான்.

அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் 'சித்தப்பா'. அந்தச் சொல்லின் முன்பாதி ஒருநாள் தானாக உதிர்ந்துவிடும் என்று காத்திருந்தார். உதிரவில்லை. இப்போது அவளுக்குக் கல்யாண வயது.

பெற்றவர் லாரி டிரைவர். பஸ் மாறி வந்திருந்தார். தோளில் தன்னுடைய ஸ்பேனர் பை. பட்டறையில் ஸ்பேனருக்குப் பஞ்சமா என்ன?

"கொஞ்சம் தள்ளிக்கங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார் டிரைவர்.

மெக்கானிக் தள்ளி நின்றார். தன் பட்டறையில், தன் வெளிச்சத்தில்.

போகட்டும், எங்கேயாவது சறுக்குவார் என்று பார்த்தார். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, அதை உள்பக்கமாகத் தள்ளி, பழைய பெல்ட்டை நோகாமல் கழற்றினார் டிரைவர். புது பெல்ட்டைப் புல்லிச் சக்கரங்களில் சுற்றினார். கம்பியைக் கொடுத்து டைனமோவை நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அளவாக அமுங்கியது.

நொட்டை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அவள் துப்பட்டா முனையால் டிரைவரின் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டாள். மெக்கானிக் இத்தனை வருஷம் இதே இடத்தில் வேர்த்திருக்கிறார்.

டிரைவர் கழற்றிய பெல்ட்டைத் தூக்கிக் காட்டினார். ஓரமெல்லாம் நார் நாராகப் பிரிந்து, குறுக்கே வெடித்திருந்தது.

"எவன் மாட்டினது இதை? இன்னும் ஒரு மலை ஏறியிருந்தா அறுந்து நடுக்காட்டுல நின்னிருப்ப, கண்ணு."

கேட்டது மகளை. பார்த்தது மெக்கானிக்கை.

மழை முடிந்த கையோடு புது பெல்ட் வாங்கி அந்த ஜீப்பில் மாட்டியதே மெக்கானிக்தான். அதற்குள் எப்படி இந்தக் கதி?

"நல்லவேளை, நீ வந்தப்பா" என்றாள் அவள்.

ஜீப்பைக் கிளப்பினார்கள். சத்தமே இல்லை. கொண்டுபோய் விடுகிறேன் என்ற மகளிடம், "வேலையைப் பாரு, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார் டிரைவர்.

அவர் கீழே போட்டுவிட்டுப் போன பெல்ட்டை மெக்கானிக் எடுத்துத் திருப்பினார்.

உள்பக்கம் வெள்ளை பெயின்டில் ஒரு பெருக்கல் குறி. தூக்கியெறிய வேண்டிய பெல்ட்டை யாரும் மறந்து மாட்டிவிடக் கூடாதென்று அவரே போடுகிற குறி. பட்டறைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த சரக்கு.

"இது இந்த வண்டி பெல்ட்டே இல்லையே!"

"இல்ல" என்றாள் அவள். "விடிஞ்சதும் நான்தான் மாட்டினேன். நீங்க போட்டது சீட்டுக்கு அடியில பத்திரமா இருக்கு."

அவள் நகக்கண்ணில் கிரீஸ் இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"அப்பாவுக்கு லாரி ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே வலிப்பு வந்துடுச்சு, சித்தப்பா. இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதாம். அதுலேருந்து சுவத்தைப் பாத்துப் படுத்தவர்தான். யார் கூப்பிட்டும் எழுந்திரிக்கல."

மெக்கானிக்குக்குக் கோபம் முழுதாக இறங்கவில்லை.

"அதுக்கு என் மானந்தான் கிடைச்சுதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே."

"அதான் சொல்லல. நீங்க விட்டுக் குடுத்தா உங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். பரிதாபப்படுறீங்கன்னு தெரிஞ்சா திரும்பப் போய்ப் படுத்துடுவாரு." அவள் சாலையைக் காட்டினாள். "இப்ப பாருங்க, எப்படி நடந்து போறாருன்னு."

பார்த்தார். தெருமுனையில் தன் லாரி நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தார் டிரைவர்.

மெக்கானிக்குக்கு வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

முனையில் திரும்புமுன் டிரைவர் ஒருமுறை நின்று பட்டறைப் பக்கம் பார்த்தார்.

அந்த எரிச்சலைப் பார்த்துவிட்டே போகட்டும் என்று மெக்கானிக் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.