நான்காம் மாடியில் பழுதில்லை

“கண்ணைப் பாத்துப் பேசுன்னா, எந்தக் கண்ணை அண்ணி? ஒரே நேரத்துல ஒண்ணைத்தானே பாக்க முடியும்?”

“ஏதோ ஒரு கண்ணைப் பாருடி! தைரியமா பேசு. உன் திறமைக்கு மனுஷன் சொக்கிப் போயிடுவாரு.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் படியேறினாள். லிஃப்ட் வரும்வரை நிற்க அவளுக்கே பொறுமையில்லை.

திறமைக்கு என்ன குறைச்சல்? லிஃப்ட் கதவில் காதை வைத்தால் போதும், எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறதென்று சொல்லிவிடுவாள். கம்பெனியில் அவள் பெயரே ‘பாம்புச்செவி’. தைரியமும் உண்டு. மேனேஜரிடமே ‘நீங்க சொல்றது தப்பு’ என்பாள்.

இரண்டையும் மெச்சியவர்கள் நிறையப் பேர். மெச்சிவிட்டு வேறு மேசைக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, ‘பேர் தெரிஞ்சிடுச்சில்ல, விடு’ என்றவள் அண்ணி ஒருத்திதான்.

நான்காம் மாடியில் பல் செட் செய்கிறவர் இருக்கிறார். லிஃப்ட் முனகுகிறது என்று மூன்று முறை புகார் கொடுத்தார். மூன்று முறையும் இவள் வந்து, காது வைத்துக் கேட்டு, பழுதில்லை என்றாள். மூன்றாம் முறை அவர் தயங்கித் தயங்கி, உள்ளே வந்து ஒரு டீ குடிக்கலாமே என்றார்.

டீ பிடிக்காது என்றாள். அதோடு விட்டாளா? உங்கள் அறையில் டியூப்லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் மூன்றும் இரைகின்றன, மனுஷி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பிறகு இரண்டு மாதமாகப் புகாரே வரவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் அண்ணிக்குப் புரையேறிவிட்டது.

“அடி மக்கு! அவரு கூப்பிட்டது டீக்கா?”

நல்ல லிஃப்டுக்கு மூன்று புகார்! நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் வந்திருக்கிறாள்.

கதவு திறந்திருந்தது. அவர் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெயில் வெளிச்சத்தில் ஒரு பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் பல் கைநழுவித் தரையில் விழுந்து உருண்டது.

அது உருளும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது.

பாம்புச்செவி தலையைச் சாய்த்தாள். விளக்கு எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. ஃப்ரிட்ஜ் காலியாக, கதவு திறந்து கிடந்தது. சுவரில் மூன்று சுவிட்சுகளின் மேலும் யாரும் தவறிக்கூடப் போட்டுவிடாதபடி குறுக்கே டேப் ஒட்டியிருந்தது.

அந்த டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது.

மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் பறந்துபோயிற்று. எந்தக் கண்ணையும் பார்க்காமல், அந்தத் தூசியையே பார்த்தபடி கேட்டாள்:

“எனக்கு இப்பவும் டீ பிடிக்காது. ஆனா நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இங்க உக்காந்துக்கவா?”