பச்சைப் பட்டை

“சுகிர்தாவோட குரலை அழிச்சிடும்மா. என் மேலயே புகார் கொடுத்தவ, என் பாட்டுல எதுக்கு?” என்றார் இசையமைப்பாளர் கிருபாகரன்.

ஒலிக்கலவை செய்யும் மெர்லின் திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வாத்தியமும் ஒரு நிறப் பட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. சுகிர்தாவின் குரல் பச்சை. அதை அழிக்க ஒரு விசை போதும். மெர்லின் அதைத் தொடாமல் தபேலாவின் பட்டையை நிறுத்தினாள். பிறகு வயலின்களை, கிடாரை. மூச்சிழுப்பதுகூடக் கேட்கும்படி, அந்தக் குரல் மட்டும் அறையில் தனியாகப் பாடியது.

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத!”

“வரல சார். பாட்டு முடியட்டும், கேட்டுட்டுப் போங்க.” ஒலியை இன்னும் கூட்டினாள்.

கிருபாகரன் வெளியேறக் கதவைத் திறந்தார். குரல் அவரைத் தாண்டி நடைவழிக்குப் போனது. கோரஸ் பாடக் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். ஒருத்திகூட வழிவிடவில்லை.