எல்லாம் அதிலேதான் இருந்தது

"எங்க உழைப்பையே அழிச்சிட்டியேய்யா, ஓக்னியான்!"

டைரக்டர் லுபென் போட்ட சத்தத்தில் அருங்காட்சியகத்துப் பழைய வாள்களெல்லாம் உறையை விட்டு வெளியே வந்துவிடும் போலிருந்தது.

ஓக்னியான் தலைகுனிந்து நின்றான். அங்கே கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவன் வேலை. சர்வரில் இடம் போதவில்லையென்று காலையில்தான் புது ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சேர்த்தான். அதை இரண்டு பாகமாகப் பிரித்தான். ஒரு பாகத்தைக் கொண்டுபோய் 'கோட்டை' என்ற ஃபோல்டரில் மாட்டினான். திறந்து பார்த்தால் ஃபோல்டர் காலி!

ஊர்க்கோட்டையின் வரலாற்றுப் புத்தகம் மொத்தமும் அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருக்கும் மேலதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும்.

"அஞ்சு அத்தியாயம்!" புத்தகத்தில் பெரும்பங்கு எழுதும் ருமியானா மூக்கை உறிஞ்சினாள். "துருக்கிக்காரன் வந்ததுலேருந்து போனது வரைக்கும் எழுதி முடிச்சிருந்தேன். கண்ணு போச்சு, இடுப்பு போச்சு, இப்ப எழுத்தும் போச்சு!"

"என்னோட அத்தியாயம் அப்படியே அச்சுக்குப் போயிருக்கலாம் மேடம். ஒரு கமா பாக்கியில்ல" என்றான் அவளோடு சேர்ந்து எழுதும் ஸ்டோயன்.

"என் முன்னுரை..." லுபென் நெஞ்சில் கை வைத்தார். "படிச்சிட்டு நானே அழுதேன்யா. சரி, பேக்கப் எங்கே? வெள்ளிக்கிழமை தவறாம எடுக்கறேன்னு சொன்னியே?"

"இ... இருக்கு சார்."

வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் எங்கே இருந்தான் என்பது டான்யூப் ஆற்று மீன்களுக்குத்தான் தெரியும்.

"ஒரு மணி நேரம் தர்றேன். அதுக்குள்ள எல்லாம் வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ வராதே!"

அந்த ஊரில் இன்னொரு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. சர்வர் அறையில் உட்கார்ந்து ஓக்னியான் தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட்டான். கடைசியில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, புது டிஸ்கை ஃபோல்டரிலிருந்து கழற்றினான்.

ஃபைல்கள் அத்தனையும் பல்லைக் காட்டின!

"அட மடப்பயலே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். பழைய பாய்மேல் புதுப்பாயை விரித்தால் அடியில் கிடப்பது தெரியுமா? சர்வரை ஓட்டும் யூனிக்ஸும் அதைத்தான் செய்திருந்தது. எதுவும் அழியவில்லை. புது டிஸ்க் மேலே உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த புதிதில்கூட அவன் இப்படிச் சொதப்பியதில்லை.

ஆனால் அதை ஏன் சொல்ல வேண்டும்? மார்பை நிமிர்த்திக்கொண்டு, மூவரும் காத்திருந்த டைரக்டர் அறைக்குள் நுழைந்தான்.

"மீட்டுட்டேன் சார்! பேக்கப்லேருந்து, ஒண்ணு விடாம!"

யாரும் கை தட்டவில்லை.

"ஒண்ணு... விடாமயா?" என்றாள் ருமியானா.

"ஆமாம் மேடம், பாருங்களேன்!" உற்சாகத்தில் டைரக்டரின் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினான்.

ருமியானாவின் ஐந்து அத்தியாயங்களில் ஐந்து தலைப்புகள் இருந்தன. ஸ்டோயனின் ஃபைலில் கால்பந்து அட்டவணை இருந்தது, கமாவெல்லாம் சரியாக. டைரக்டரையே அழவைத்த முன்னுரை, 'அன்பார்ந்த வாசகர்களே' என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்திருந்தது.

ஸ்டோயன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான். லுபென் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஓக்னியான், இப்பதான் சோஃபியாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு சொன்னேன். அவங்களே அழுதுட்டாங்க. ஆறு மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க."

"அப்ப இது சார்?"

"எது? ஒண்ணும் வரலையே. போய் அந்தப் புது டிஸ்கை இருந்த இடத்துலயே மறுபடி மாட்டு."

"சார், நான்தான் அழிச்சேன்னு என் பேரு கெட்டுப் போகுமே! பேக்கப்லேருந்து கஷ்டப்பட்டு..."

"எந்த பேக்கப்? வெள்ளிக்கிழமை நீ தூண்டில் போடற இடத்துக்கு நாலு மரம் தள்ளித்தான்யா நானும் உட்கார்ந்திருக்கேன்."

ஓக்னியான் நேராகப் போய், டிஸ்கை மாட்டிவிட்டு வந்தான்.

லுபென் அவன் தோளில் வாஞ்சையோடு தட்டினார்.

"உன்னை மாதிரி ஆள் கிடைக்க மாட்டான்யா. ஆறு மாசம் கழிச்சு ஞாபகப்படுத்து, இன்னொரு டிஸ்க் வாங்கிடலாம்."