கூடத்தில் இருபத்தேழு டிகிரி

'டக்'கென்றது.

சமையலறை மூலையில், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் ஒருமுறை உறுமி அடங்கியது.

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கணவனின் கோட். அதற்குள் அவளும் குழந்தையும் இருந்தார்கள்.

குழந்தை இரண்டே கால் கிலோ. ஏழு வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்து பத்து நாள்.

பத்து நாளாகத்தான் இந்தப் பாய்லர் தொல்லையும்.

நேற்று வந்த நர்ஸ், படுக்கையறைச் சுவரில் ஒரு சின்ன வெப்பமானியை ஒட்டிப் பார்த்தாள். பதினான்கு. "நாளை மூன்று மணிக்கு வருகிறேன். பதினெட்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளையைத் திரும்ப வார்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்" என்றாள். கனிவாகத்தான் சொன்னாள்.

இப்போது மணி பன்னிரண்டு.

வெளியே லண்டன் ஜனவரி. கணவன் எங்கோ பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

எண்பது வருட வீடு. முப்பது வருடப் பாய்லர். இந்தப் பத்து நாளில் அவள் அதைப் பாடமாகவே படித்துவிட்டாள். அழுத்தமானியின் ஊசி பச்சைப் பட்டைக்குள் நிற்க வேண்டும். நின்றது. அறைச் சுவரில் சுடுநீர் ஓடும் ரேடியேட்டரின் தலை குளிர்ந்து கால் சுட்டால் உள்ளே காற்று. சின்னச் சாவியால் திருகி அதை வெளியேற்ற வேண்டும். ஆறு ரேடியேட்டரையும் திருகினாள். உஸ்ஸென்று காற்றுப் போய், மை மாதிரிக் கறுப்புத் தண்ணீர் வந்தது. கோப்பையில் ஏந்தி ஊற்றினாள்.

பாய்லர் பற்றும். பத்து நிமிடம் எரியும். அணையும்.

மிச்சம் இருந்தவர் முருகன்தான்.

குழந்தை வந்த அன்றே கூடத்தில், காற்றுப் படாத மூலையாகப் பார்த்துப் பலகை அடித்து, படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தாள். பிள்ளை மூன்று கிலோ ஆகும்வரை அணைய விடுவதில்லை என்று நேர்த்திக்கடன். நேற்று நர்ஸ் போனதும் இரண்டாவது திரி போட்டாள். இன்று காலை மூன்றாவது.

அழைப்புமணி அடித்தது.

கணவன் அனுப்பிய ஆள். அன்ரன், மன்னார்க்காரர். தலையில் தொப்பி, கழுத்தில் ஜெபமாலை, கையில் கனத்த பை.

"என்ன தங்கச்சி, பொயிலர் கோவிச்சுக்கொண்டு நிக்குதாம்?"

"மூண்டு மணிக்கு நர்ஸ் வருவா, அண்ணை. சூடில்லாட்டிப் பிள்ளையைக் கொண்டு போயிடுவினம்."

அவர் கோட்டுக்குள் தெரிந்த சின்னத் தலையைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனார்.

மூடியைத் திறந்தார். பம்பில் காதை வைத்துக் கேட்டார். குழாய்களைத் தொட்டுத் தொட்டுப் போனார்.

"இதில ஒரு பிழையும் இல்லை. உங்கட மனிசனை விட ஒழுங்கா வேலை செய்யுது. ஆரோதான் இதை நிப்பாட்டச் சொல்லுறாங்கள்."

கூடத்துக்கு வந்தார். நின்றார்.

முருகன் படத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரில் தெர்மோஸ்டாட். வீட்டின் சூட்டை அளந்து பாய்லருக்குச் சொல்லும் பெட்டி. கீழே மூன்று திரியும் நின்று எரிந்தன.

பெட்டி இருபத்தேழு காட்டியது.

அவளும் பார்த்தாள்.

புரிய ஒரு நொடி ஆனது. கூடத்து மூலை கொதித்தால், வீடே கொதிக்கிறது என்று அந்தப் பெட்டி நம்பிவிடும். போதும் என்று பாய்லரை அணைத்துவிடும்; திரி தணியும்போதுதான் மறுபடி பற்றவைக்கும்.

ஒவ்வொரு திரியாகப் போட்டவள் அவள்தான்.

"நான்தானா அண்ணை?"



அவள் விளக்கை எடுக்கக் கையை நீட்டினாள். கை பாதியில் நின்றது. மூன்று கிலோவுக்கு இன்னும் முக்கால் கிலோ இருந்தது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"விடுங்கோ தங்கச்சி. அவர் அங்கேயே இருக்கட்டும். நான் இதைக் கழற்றிறன்."

கழற்றினார். வயரைச் சுவரின் மேல்விளிம்பு வழியாக இழுத்துக்கொண்டு போய், படுக்கையறைக் கதவுப் பக்கத்துச் சுவரில் துளை போட்டார். பழைய துளையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தபோது, தொப்பியைக் கழற்றி விளக்குக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணிக்குப் பாய்லர் பற்றியது.

பத்து நிமிடம் போனது. அணையவில்லை.

இருபது.

சுவருக்குள் குழாய்கள் ஒவ்வொன்றாகச் சொடக்குப் போட்டன. ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. பிறகு சூடு. பிறகு கையை வைத்திருக்க முடியவில்லை. அப்போதும் எடுக்க மனம் வரவில்லை.

இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நன்றி என்ற சொல் இந்த மனிதருக்குப் போதாது என்று பட்டது. பக்கத்தில் நின்றாள்.

"சீனி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அவர். முழுவதையும் குடித்தார்.

அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினாள். மேல் பொத்தான். அடுத்தது. குழந்தையின் ஒரு கால் வெளியே வந்து, காற்றை உதைத்தது.

மூன்று மணிக்கு நர்ஸ் வந்தாள்.

வெப்பமானியைப் பார்த்தாள். பத்தொன்பது. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். ஃபைலைத் திறந்தாள்.

"நல்லது. என்ன பழுது இருந்தது?"

பேனா காத்து நின்றது.

அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு ஃபைலைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் தலைப்பில், அம்மா என்ற சொல்லுக்கு எதிரே, அவள் பெயர்தான் இருந்தது.

அன்ரன் பையை மூடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்:

"தெர்மோஸ்டாட்டைத் தவறான இடத்தில் பூட்டியிருந்தார்கள், மேடம்."